கலப்புக் கோர்களில் நினைவகப் படமிடல்: கேர்னல் எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் நான் நடத்தும் மாலை வகுப்பில் மாணவர்கள் தாங்களே ஒரு சிறிய கேர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை எழுதி, அதை ஆர்ம் வகைச் செயலியுள்ள பலகைகளில் ஓடவிட்டுப் பழகுகிறார்கள். ஒரே வகையான நான்கு கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே கட்டளைகளை ஓட்டும் அலகுகள்) உள்ள பலகையில் மாதக்கணக்காகப் பிசகின்றி ஓடிய கேர்னல், பெரிய கோர்களும் சிறிய கோர்களும் கலந்த பலகைக்கு மாற்றிய அன்றே தடுமாறத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். காரணத்தை எல்லோரும் முதலில், எந்தச் செயன்முறை (ஓடும் நிரல்) எந்தக் கோரில் ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெடியூலரில் தேடுவார்கள். அது பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. நிரல் காணும் மெய்நிகர் முகவரியை மெய்யான நினைவக முகவரியோடு பொருத்தும் வேலையில், அதாவது படமிடலில்தான் இருக்கும். அந்தப் பகுதியை எந்த ஒழுங்கில் எழுத வேண்டும், எதை எப்போது சோதிக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகத் தருகிறேன். எடுத்துக்காட்டுகள் ஆர்ம் 64 பிட் கட்டமைப்பையும் லினக்ஸ் கேர்னலையும் ஒட்டியவை. ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைத் தேவையான இடத்தில் தொட்டுச் செல்கிறேன்.

சிக்கல் பிறக்கும் இடம்

கோர்ட்டெக்ஸ் ஏ15 என்ற பெரிய கோரையும் ஏ7 என்ற சிறிய கோரையும் இணைத்து, "பிக்-லிட்டில்" என்ற பெயரில் ஆர்ம் நிறுவனம் 2011 இல் அறிவித்த அமைப்பின் அடிப்படை எளிமையானது. இருவகைக் கோர்களும் ஒரே கட்டளைத் தொகுதியை அறிந்தவை. ஆகவே ஒரு செயன்முறையை வேலைப்பளுவுக்கு ஏற்ப எந்தக் கோருக்கும் நகர்த்தலாம். இன்று காலி வீதியில் பேருந்துக்காகக் காத்திருப்போர் கையில் உள்ள அன்ட்ரொயிட் கைப்பேசிகளில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் கட்டளைத் தொகுதி ஒன்று என்பதால் நினைவக முகாமை அலகான எம்எம்யூவும் ஒன்றே என்று ஆகிவிடாது. நினைவகம் பக்கங்கள் என்ற சம அளவுத் துண்டுகளாகக் கையாளப்படுகிறது; எந்த மெய்நிகர்ப் பக்கம் மெய்யான நினைவகத்தில் எங்கே உள்ளது என்று சொல்லும் பக்க அட்டவணை ஒரு செயன்முறைக்கு ஒன்றுதான் உண்டு. அது நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. செயன்முறை எந்தக் கோரில் ஓடுகிறதோ அந்தக் கோரின் எம்எம்யூ வந்து அதே அட்டவணையைப் படிக்கிறது. ஒரு கோருக்காக எழுதிய பதிவை இன்னொரு கோர் வேறு விதமாகப் புரிந்துகொண்டால், செயன்முறை இறப்பதோடு அது முடிவதில்லை. மற்றொருவருடைய நினைவகப் பக்கத்தை அது அமைதியாகப் படித்துவிடவும் கூடும். இரண்டாவதுதான் உண்மையில் அஞ்ச வேண்டியது.

முதற்படி: ஒவ்வொரு கோரையும் அதன் வாயாலேயே சொல்ல வைத்தல்

ஆர்ம் கோர்கள் தம் திறன்களை அடையாளப் பதிவகங்கள் (கோருக்குள்ளேயே உள்ள சிறு சேமிப்பிடங்கள்) வழியாகத் தெரிவிக்கின்றன. அந்தப் பதிவகத்தைப் படிக்கும் கட்டளை, அது எந்தக் கோரில் ஓடுகிறதோ அந்தக் கோரின் விடையை மட்டுமே தரும். முதலில் எழும் கோரில் ஒருமுறை படித்து, அதை முழு அமைப்புக்குமான விடையாகப் பொது மாறி ஒன்றில் வைத்துக்கொள்வதே நான் மிக அதிகமாகக் காணும் தவறு. ஒவ்வொரு கோரும் எழும்போது தன் பதிவகங்களைத் தானே படித்து, தனக்குரிய இடத்தில் எழுத வேண்டும், பிறகுதான் ஒப்பீடு.

படிக்க வேண்டியவை பல. 4, 16, 64 கிலோபைட்டுப் பக்க அளவுகளில் எவற்றை அந்தக் கோர் அறியும். மெய்யான முகவரி எத்தனை பிட். மெய்நிகர் முகவரி 48 பிட்டா 52 பிட்டா. முகவரிவெளி இலக்கம் (நான்காம் படியில் விளக்குகிறேன்) 8 பிட்டா 16 பிட்டா. பக்கம் தொடப்பட்டதையும் எழுதப்பட்டதையும் வன்பொருளே குறித்துக்கொள்ளுமா என்பவை முதன்மையானவை. இவை உண்மையிலேயே வேறுபடுகின்றன. இரண்டு ஏ57 கோர்களும் நான்கு ஏ53 கோர்களும் கொண்ட ஜூனோ என்ற உருவாக்கப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ57 மெய்யான முகவரிக்கு 44 பிட் தரும். ஏ53 தருவது 40 பிட் மட்டுமே. முன்னையது 16 டெராபைட்டு வரை சுட்டக்கூடியது, பின்னையது 1 டெராபைட்டோடு நின்றுவிடும்.

லினக்ஸ் ஓடும் பலகையில் என்னென்ன கோர்கள் உள்ளன என்பதை அறியச் சிரமப்படத் தேவையில்லை. கோர்களின் விவரம் தரும் வழமையான ப்ராக் கோப்பில் "சிபியு பார்ட்" என்ற வரி கோருக்குக் கோர் மாறுகிறதா என்று பார்த்தாலே போதும். ஹெக்ஸ் எண்ணாக டி05 என்றிருந்தால் அது ஏ55. டி0பி என்றிருந்தால் ஏ76. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பலகை வாங்கிவரும் மாணவர்களிடம், பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல் இந்த வரியைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்வேன்.

இரண்டாம் படி: திறன்களை வகைபிரித்தல்

திரட்டிய விடைகளை ஒரே விதியால் அளக்கக் கூடாது. ஒவ்வொரு திறனையும் கையில் எடுத்து, "இது ஒரு கோரில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும்.

சில திறன்கள் அட்டவணையின் வடிவத்தையே தீர்மானிப்பவை. பக்க அளவும் மெய்நிகர் முகவரியின் அகலமும் அத்தகையவை. இவற்றில் இணக்கத்துக்கு இடமில்லை. சிலவற்றில் எல்லாக் கோர்களுக்கும் பொதுவான மிகச் சிறிய மதிப்பை எடுத்துக்கொண்டால் போதும். மெய்யான முகவரியின் அகலம் அதற்கு எடுத்துக்காட்டு. சில திறன்கள் கோருக்குக் கோர் மாறி இருக்கலாம், ஏனெனில் வன்பொருள் செய்யாத இடத்தில் கேர்னல் அதே வேலையைச் செய்து முடிக்க முடியும். எம்எம்யூவே இல்லாத கோர்கள் இந்தக் கணக்கிற்குள்ளேயே வரக் கூடாது; அவற்றைத் தனியே வைக்க வேண்டும்.

லினக்ஸ் இதை ஒரு பெரிய பட்டியலாகவே வைத்திருக்கிறது. பதிவகத்தின் ஒவ்வொரு புலத்துக்கும் எதிரே, சிறிய மதிப்புப் பாதுகாப்பானதா, பெரிய மதிப்பா, சரிசமமாக இருந்தேயாக வேண்டுமா என்று குறித்து, எல்லாக் கோர்களையும் ஒப்பிட்டுத் தூய்மைப்படுத்திய ஒரு பொது மதிப்பை உருவாக்குகிறது. கண்டிப்பான புலத்தில் வேற்றுமை கண்டால் துவக்கப் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதி, இந்தக் கேர்னலை முழுதாக நம்ப முடியாது என்று காட்டும் கறைக்குறியும் இடுகிறது. பக்க அளவுப் புலங்களில் மட்டும் அது இத்தனை கண்டிப்புக் காட்டுவதில்லை. நாம் உபயோகிக்கும் பக்க அளவை அறியாத கோர் எப்படியும் முன்னரே தடுக்கப்பட்டுவிடும். உபயோகிக்காத பக்க அளவில் கோர்கள் வேறுபட்டால் யாருக்கும் தீங்கில்லை. உங்கள் கேர்னலிலும் இப்படியொரு பட்டியலைக் கட்டாயம் எழுதுங்கள். நிபந்தனை வரிகளை ஆங்காங்கே தூவி வைத்தால், ஆறு மாதம் கழித்து எந்த முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாம் படி: அட்டவணையின் வடிவம்

பக்க அளவு 4 கிலோபைட்டு என்றால் முகவரியின் கடைசி 12 பிட்டுகள் பக்கத்துக்குள் உள்ள இடத்தைக் காட்டும். அட்டவணை பல மட்டங்களாக அடுக்கப்பட்டது; ஒவ்வொரு மட்டமும் 9 பிட்டுகளை எடுத்துக்கொள்ளும். 48 பிட் முகவரிக்கு நான்கு மட்டங்கள் வேண்டும். 16 கிலோபைட்டு என்றால் அந்த எண்கள் 14 உம் 11 உம் ஆகும். 64 கிலோபைட்டு என்றால் 16 உம் 13 உம். இந்தக் கணக்கைப் பகிராத கோர் அந்த அட்டவணையைப் படிக்கவே இயலாது.

ஆகவே இந்தச் சோதனை மிக முன்னதாக, கோர் தன் எம்எம்யூவை இயக்குவதற்கு முன்பே, அசெம்பிளி நிலையிலேயே நடக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்தக் கோரால் செய்தி அச்சிட முடியாது. பூட்டு எடுக்கவும் முடியாது. லினக்ஸ் கையாளும் வழி நல்ல வழி: தோற்ற கோர் தன் காரணத்தைக் குறிக்கும் ஓர் எண்ணை நினைவகத்தில் எழுதிவிட்டு, முடிவில்லாத சுழலில் உறங்கப் போய்விடுகிறது. அதை எழுப்பிய முதன்மைக் கோர் அந்த எண்ணைப் படித்து, இன்ன கோர் இன்ன பக்க அளவை அறியாது என்று பதிவேட்டில் எழுதுகிறது. எழும்பாத கோர் ஏன் எழும்பவில்லை என்று தெரியாமல் இரவெல்லாம் சீரியல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

52 பிட் மெய்நிகர் முகவரியிலும் இதே நெறிதான், ஒரு நுணுக்கத்தோடு. அதற்கெனக் கட்டிய லினக்ஸ் கேர்னல், முதலில் எழும் கோருக்கு 52 பிட் இல்லை என்றால் 48 பிட்டுக்கு இறங்கி ஓடும். முதற்கோருக்கு இருந்து பின்னர் எழும் கோருக்கு இல்லையென்றால், பின்னதை நிறுத்திவிடும். எந்தக் கோர் முதலில் எழுகிறது என்பதைப் பொறுத்து அமைப்பின் தன்மையே மாறும் என்பதை நினைவில் வையுங்கள்.

ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் எஸ்வி39, எஸ்வி48, எஸ்வி57 என்று படமிடல் முறைகள் உள்ளன. அவை முறையே 512 கிகாபைட்டு, 256 டெராபைட்டு, 128 பெட்டாபைட்டு மெய்நிகர் வெளியைத் தருபவை. அங்கே சோதிக்கும் வழி அழகானது. படமிடல் முறையைக் குறிக்கும் பதிவகத்தில், கோர் அறியாத முறையை எழுதினால் அந்த எழுத்துக்கு எந்த விளைவும் இராது. ஆகவே பெரியதை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்து, பதியாவிட்டால் அடுத்ததற்கு இறங்கலாம். ஆனால் அந்தச் சோதனையும் அதைச் செய்த கோருக்கு மட்டுமே உரியது. பலகையின் வன்பொருளைக் கேர்னலுக்கு விவரிக்கும் சாதன விவரத்தில் ஒவ்வொரு கோருக்கும் எழுதியுள்ள எம்எம்யூ வகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: முகவரிவெளி இலக்கம்

இதைப் பலரும் சிறு விடயமாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். முகவரிப் பெயர்ப்புகளைச் சேமித்துவைக்கும் டிஎல்பியில், எந்தப் பதிவு எந்தச் செயன்முறைக்கு உரியது என்பதை முகவரிவெளி இலக்கம் பிரித்துக்காட்டுகிறது. அது 16 பிட் என்றால் 65,536 இலக்கங்கள். 8 பிட் என்றால் 256 தான்.

முதற்கோர் 16 பிட் அறியும் என்பதால் கேர்னல் தாராளமாக இலக்கங்களை வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு செயன்முறைக்கு 5, இன்னொன்றுக்கு 261. 8 பிட் மட்டுமே அறிந்த கோரில் 261 இன் மேற்பகுதி உதிர்ந்துவிடும். 261 இலிருந்து 256 போனால் மிஞ்சுவது 5. இப்போது இரு செயன்முறைகளும் அந்தக் கோரின் டிஎல்பியில் ஒன்றே. முதலாவது விட்டுச்சென்ற பெயர்ப்பை இரண்டாவது எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் எழாது. ஒருவர் வீட்டுச் சாவி அடுத்த வீட்டையும் திறப்பது போன்றது இது.

எல்லாக் கோர்களும் எழுந்த பிறகே இலக்கங்களை வழங்கத் தொடங்குவதானால் சிறிய அகலத்தை எடுத்துக்கொள்ளலாம். வழங்கத் தொடங்கிய பின் சிறிய அகலமுள்ள கோர் வந்தால் அதை ஏற்கவே கூடாது. லினக்ஸ் இந்த இடத்தில் தயக்கமின்றி முழுக் கேர்னலையுமே நிறுத்திவிடுகிறது. அது சரியான முடிவு.

ஐந்தாம் படி: வேறுபடலாம், ஆனால் கவனம் வேண்டும்

வகுப்பில் எங்களை மிக நீண்ட நாள் அலைக்கழித்தது இந்தப் பகுதிதான்.

ஒரு பக்கத்தில் எழுதப்பட்டதா என்பதை வன்பொருளே குறித்துக்கொள்ளும் வசதி ஆர்ம் 8.1 இல் வந்தது. பக்கப் பதிவில் "எழுதலாம்" என்பதற்கு ஒரு பிட்டும், "இப்போதைக்குப் படிக்க மட்டும்" என்பதற்கு இன்னொரு பிட்டும் சேர்த்து வைக்கப்படும். வசதியுள்ள கோர் அந்தப் பக்கத்தில் எழுத முற்படும்போது, எம்எம்யூ தானே இரண்டாவது பிட்டை நீக்கிவிட்டு எழுத விடுகிறது. வசதி இல்லாத கோரில் அதே எழுத்து அனுமதித் தவறாகக் கேர்னலுக்கு வரும்; கேர்னல் அந்தப் பிட்டை நீக்கிச் செயன்முறையைத் தொடர விட வேண்டும். இரண்டின் முடிவும் ஒன்றே, வேகம்தான் வேறு. ஆகவே இந்த வசதியைக் கோருக்குக் கோர் தனித்தனியாக இயக்கலாம், லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது. ஏ55 கோர்களில் இந்த வசதி பற்றிப் பொதுவில் வெளியான 1024718 என்ற வழுக்குறிப்பு இருப்பதால், லினக்ஸ் அவற்றில் அதை இயக்குவதில்லை. ஏ76 உம் ஏ55 உம் கலந்த சிப்பில், பாதிக் கோர்கள் வன்பொருளாலும் மீதி கேர்னலாலும் ஒரே அட்டவணையைத் திருத்துகின்றன என்று இதற்குப் பொருள்.

எங்கள் கேர்னலிலும் சிறிய கோர்களில் அதை நிறுத்திவைத்தோம். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவர் வந்து, "சேர், இந்தப் புரோகிராம் சில நேரம்தான் சாகுது. திரும்ப ஓட்டினா ஒண்டும் நடக்குதில்லை" என்றார். அது 5 ஆம் கோரில் ஓடும்வரை நலமாக இருந்தது. ஷெடியூலர் அதை 1 ஆம் கோருக்கு நகர்த்தியதும் இறந்தது. தவறின் காரணத்தைச் சொல்லும் பதிவகத்தை அச்சிட்டுப் பார்த்தோம். கடைசி ஆறு பிட்டுகள் 001111, அதாவது மூன்றாம் மட்டத்தில் அனுமதித் தவறு. அதற்கு அடுத்த பிட் 1, அதாவது எழுத முற்பட்டபோது. பக்கப் பதிவிலோ "எழுதலாம்" என்ற பிட் இருந்தது. எழுதத் தகுந்த பக்கத்தில் எழுத்துத் தவறு வராது என்று நம்பி, அப்படி வந்தால் செயன்முறையைக் கொன்றுவிடும்படி தவறு கையாளும் பகுதியை நானே முன்னர் எழுதிக்கொடுத்திருந்தேன். வசதியைச் சிறிய கோர்களில் நிறுத்தியபோது அந்தப் பகுதியைத் திருத்த மறந்துவிட்டேன். மாற்று வழி எழுதப்பட்டுச் சோதிக்கப்படும்வரை எந்தத் திறனையும் "வேறுபடலாம்" என்ற வகையில் சேர்க்காதீர்கள்.

இங்கே இன்னும் இரண்டு விடயங்கள் உள்ளன. ஒரு கோரின் கேர்னல் நிரல் பக்கப் பதிவைத் திருத்திக்கொண்டிருக்கும் அதே கணத்தில், இன்னொரு கோரின் எம்எம்யூ அதே பதிவைத் தானாகத் திருத்தக்கூடும். படித்து, மாற்றி, திரும்ப எழுதும் சாதாரண வரி வன்பொருள் இட்ட குறியை அழித்துவிடும். அழிந்தால் எழுதப்பட்ட பக்கம் எழுதப்படாததாகக் கருதப்பட்டுத் தரவு தொலையும். இடையில் வேறெதுவும் குறுக்கிட முடியாத, ஒப்பிட்டு மாற்றும் அணுநிலைக் கட்டளையால் மட்டுமே பதிவைத் திருத்துங்கள். இரண்டாவதாக, கோரின் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் இந்த வசதியை இயக்கும் பிட்டை மாற்றினால், அந்தக் கோரின் டிஎல்பியை உடனே துடைத்துவிடுங்கள். அந்தப் பிட்டின் பழைய மதிப்பு அங்கே தேங்கியிருக்க இடமுண்டு.

ஆறாம் படி: பிந்தி வரும் கோர்

எல்லாக் கோர்களும் எழுந்த பின் ஒரு கணத்தில் கேர்னல் தன் முடிவுகளை இறுதியாக்க வேண்டும். அதற்குப் பின் வருகிற கோர் முடிவுகளை மாற்ற முடியாது. அது அவற்றுக்கு உடன்பட வேண்டும், அல்லது வெளியே நிற்க வேண்டும்.

இறுதியாக்கும் முன் எடுத்த முடிவைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு லினக்ஸிலேயே ஒரு சான்று உள்ளது. பெரிய தொகுதிகளாகப் படமிட்ட பகுதியை, ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறு பக்கங்களாக உடைக்கும் திறன் சில புதிய கோர்களுக்கு உண்டு. முதற்கோருக்கு அது இருந்தால் கேர்னல் தன் நேரடிப் படத்தை, அதாவது மெய்யான நினைவகத்தை அணுகத் தனக்கென வைத்திருக்கும் படத்தை, பெரிய தொகுதிகளால் அமைக்கிறது. பிறகு அந்தத் திறன் இல்லாத கோர் ஒன்று எழுந்தாலோ, மற்றக் கோர்களையெல்லாம் அந்தப் படத்தைத் தொடாத ஒரு தனிப் படத்தில் காத்திருக்க வைத்து, ஒரு கோர் மட்டும் முழுவதையும் சிறு பக்கங்களாக மாற்றி எழுதுகிறது. இப்படி எழுதத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் தொடக்கத்திலேயே சிறு பக்கங்களால் அமையுங்கள். பயிலும் கேர்னலுக்குப் பின்னதையே நான் பரிந்துரைப்பேன்.

எம்எம்யூ இல்லாத கோர்கள்

2018 இல் வந்த ஹைஃபைவ் அன்லீஷ்ட் பலகையின் எஃப்யூ540 சிப்பில் ஐந்து கோர்கள் உள்ளன. நான்கு யூ54 கோர்கள் எஸ்வி39 அறிந்தவை. இ51 என்ற ஐந்தாவதற்கு எம்எம்யூ இல்லை, கேர்னல் ஓட வேண்டிய மேற்பார்வை நிலையும் இல்லை. அதன் இலக்கம் 0 என்பதுதான் பொறி. எண் 0 உள்ள கோரே முதற்கோர் என்று எழுதிய கேர்னல் அங்கே எழும்பாது. லினக்ஸ் அந்தக் கோரை எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை.

எஸ்டிஎம்32எம்பி157 போன்ற சிப்புகளில் இரண்டு ஏ7 கோர்களோடு எம்4 கோர் ஒன்று இருக்கிறது. எம்4 இல் உள்ளது நினைவகப் பாதுகாப்பு அலகு மட்டுமே. அது எட்டு வலயங்களைக் காக்கும், முகவரியைப் பெயர்க்காது. அதற்குத் தருகிற முகவரிகள் எல்லாம் மெய்யான முகவரிகளாகவே இருக்க வேண்டும். அதற்கான நினைவகத்தைச் சாதன விவரத்திலேயே ஒதுக்கி, கேர்னல் அதைப் படமிடாதபடி குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் ஏ7 பக்கத்தின் கேஷ் என்ற விரைவு நினைவகம் அந்த நினைவகத்தின் பழைய நகலை வைத்துக்கொண்டு, எம்4 எழுதியதைக் காணாமல் நிற்கும்.

அட்டவணையைப் பகிரும் மற்றவை

சாதனங்களின் எம்எம்யூவும் சில வேளை செயன்முறையின் அதே அட்டவணையைப் படிக்கும். அப்படியானால் அதுவும் ஒரு கோரைப் போலவே பக்க அளவு, முகவரி அகலம், இலக்க அகலம் ஆகிய தேர்வுகளில் தேற வேண்டும். மெய்நிகர் இயந்திரங்களுக்கு, தூய்மைப்படுத்திய பொது மதிப்பையே கொடுங்கள். 44 பிட் கோரில் பிறந்த மெய்நிகர் இயந்திரம் 40 பிட் கோருக்கு நகர்ந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பயனர் நிரல்களுக்குச் சொல்ல வேண்டியவை

பயனர் நிரல் கேட்கும் எந்தக் கேள்விக்கும், அது எந்தக் கோரில் நின்று கேட்டாலும், ஒரே விடை கிடைக்க வேண்டும். 2016 இல் எக்ஸினோஸ் 8890 சிப்பில் நடந்தது இதற்குப் பாடமானது. அதன் பெரிய கோர்களில் கேஷ் வரி, அதாவது கேஷ் ஒரு தடவையில் கையாளும் துண்டு, 128 பைட்டு. ஏ53 கோர்களில் 64 பைட்டு. மோனோ என்ற இயக்கச் சூழல் ஓடும்போதே நிரல் உருவாக்கி, அந்தப் பக்கங்களின் கேஷைத் துடைக்கும். வரியின் அளவை ஒருமுறை கேட்டு நினைவில் வைத்திருந்தது. பெரிய கோரில் கேட்டுவிட்டுச் சிறிய கோரில் துடைத்தபோது, ஒன்றுவிட்டு ஒரு வரி துடைபடாமல் நின்று பழைய கட்டளைகள் ஓடின. இப்போது இத்தகைய அமைப்புகளில் லினக்ஸ் அந்தக் கேள்வியை இடைமறித்து, எல்லாக் கோர்களுக்கும் பாதுகாப்பான விடையைத் தருகிறது.

பக்க அளவை 4096 என்று நிரலில் எழுதிவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ராஸ்பெரி பை 5 இன் வழமையான கேர்னல் 16 கிலோபைட்டுப் பக்கங்களில் ஓடுகிறது. அன்ட்ரொயிட் 15 உம் அந்த அளவை ஏற்கிறது. ஓடும்போது கேர்னலிடம் கேட்டு அறிவதே வழி.

32 பிட் நிரல்களை ஒரு பகுதிக் கோர்கள் மட்டும் ஓட்டக்கூடிய சிப்புகளும் உள்ளன. 2021 இல் வந்த 5.15 பதிப்பு முதல், துவக்க அளவுரு ஒன்றை இட்டால் லினக்ஸ் அவற்றை ஏற்கும். அப்போது 32 பிட் நிரல் தொடங்கும் கணத்திலேயே அது ஓடத்தக்க கோர்களின் தொகுதி சுருக்கப்படும். அந்தத் தொகுதியின் கடைசிக் கோரை நிறுத்தவும் கேர்னல் விடாது.

சோதிக்கும் முறை

துவக்கத்தில் ஒரே ஒரு கோரை மட்டும் எழுப்பும்படி அளவுரு கொடுங்கள். கேர்னல் தன் முடிவுகளை இறுதியாக்கிய பின் மற்றக் கோர்களை ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொரு முறையும் பதிவேட்டைப் படியுங்கள். துவக்க ஏற்றி இடம் தருமானால், பெரிய கோரிலிருந்து ஒருமுறையும் சிறிய கோரிலிருந்து ஒருமுறையும் தொடங்குங்கள். பிறகு 256 ஐ விட அதிகமான செயன்முறைகளை ஓடவிட்டு, ஒவ்வொன்றும் தன் பக்கங்களில் தன் அடையாள எண்ணை எழுதி, கோரை மாற்றிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும்படி ஒரு சிறு நிரல் எழுதுங்கள். எங்கள் வகுப்பில் அந்த நிரல் ஓர் இரவு முழுவதும் ஓடும். காலையில் ஒரு பக்கத்திலேனும் மற்றொருவரின் எண் இருந்தால், நான்காம் படியிலிருந்து திரும்பத் தொடங்குகிறோம்.